மாமா ஊருக்கு வரலாமா?

கேள்வி:

ஐயா, என் தாய்மாமன் 1954-இல் பசறைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 77 கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்த பிறகு, அம்மாச்சி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வவுனியா பக்கம் போய்விட்டார். காந்தீயம் இயக்கத்துக்காரர்கள் காணி காட்டிக் குடிவைத்தார்கள். என் அம்மா மட்டும் கல்யாணம் கட்டி இங்கேயே நின்றுவிட்டார். 83-க்குப் பிறகு ஒரு சுற்றிவளைப்பில் மாமாவைப் பிடித்து, சில மாதம் உள்ளே வைத்திருந்து, வழக்கு ஒன்றும் போடாமல் விட்டார்கள். 1990-இல் அவர் மன்னாரிலிருந்து வள்ளத்தில் ராமேஸ்வரம் போனார். மண்டபம் முகாமில் கொஞ்சக் காலம், அதன் பிறகு இன்றுவரை பவானிசாகர் முகாம்.

வயது எழுபது தாண்டிவிட்டது. அம்மாவோடு வந்து இருந்துவிட வேண்டும் என்று போனில் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். ஆனால் ஒருகாலத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் (பி.டி.ஏ.) பிடிபட்டவரை நாட்டுக்குள் விடமாட்டார்கள், விட்டாலும் எயார்போர்ட்டிலேயே தூக்கிவிடுவார்கள் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். மாமாவின் மகன் லண்டனில் மாவீரர் நாள் கூட்டங்களுக்குப் போகிறவன் என்பதால் என் வீட்டுக்காரருக்கும் பயம். "வடக்கு ஆட்களின் பிரச்சினையை நம்ம தோட்டத்துக்குக் கொண்டுவராதே" என்கிறார். சொந்த நாட்டுக்குத் திரும்புகிறவரை அரசாங்கம் தடுக்க முடியுமா? அவர் வந்தால் எங்களுக்கு ஏதும் வருமா?

பெயர் வேண்டாம், பசறை

பதில்:

வரலாம், தங்கச்சி. இலங்கைப் பிரஜை ஒருவர் தன் நாட்டுக்குத் திரும்ப எந்த அமைச்சரின் அனுமதியும் தேவையில்லை. 1978 அரசியலமைப்பின் 14(1)ஆம் உறுப்புரை பேச்சு, கூட்டம், தொழிற்சங்கம் என்று பிரஜைகளின் சுதந்திரங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் இரண்டைச் சேர்க்கிறது. நாட்டுக்குள் நடமாடவும் விரும்பிய இடத்தில் குடியிருக்கவும் உள்ள சுதந்திரம் ஒன்று. நாட்டுக்குத் திரும்பி வரும் சுதந்திரம் மற்றது. மாமாவுக்கு இரண்டுமே தேவை. கட்டுநாயக்காவில் இறங்கினால் மட்டும் போதாது, பசறை வரைக்கும் வந்து உங்கள் அம்மாவின் வீட்டில் தங்கவும் வேண்டும்.

கொடுத்ததைப் பிடித்துக்கொள்ள ஒரு வழியும் அதே அத்தியாயத்தில் இருக்கிறது. தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகியவற்றுக்காகச் சட்டம் இயற்றி இந்தச் சுதந்திரங்களைக் கட்டுப்படுத்தலாம் என்று 15(7) சொல்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம் நிற்பது அந்த இடத்தில்தான். அதற்குப் பிறகு வருகிறேன். மாமா விஷயத்தில் எனக்கு முதல் கவலை அவருடைய கடதாசிகளைப் பற்றியது. திரும்பி வரும் சுதந்திரம் பிரஜைக்கு மட்டும் உரியது. ஆகவே அவர் பிரஜையா என்ற கேள்வி பி.டி.ஏ.க்கு முன்னால் வந்து நிற்கிறது. பசறையில் பிறந்தவரிடம் இதைக் கேட்பதே அநியாயம்தான். ஆனாலும் கேட்பார்கள்.

1948-இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்தாரை எந்த இடத்தில் விட்டது என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. தகப்பன் இங்கே பிறந்ததற்கு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். லயத்துக்காரரிடம் அந்த அத்தாட்சி எங்கே இருந்தது? அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்களிலும் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டார்கள். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவும் சாஸ்திரியும் 975,000 பேரைக் கணக்குப் பார்த்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரை 1974-இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள்.

1978 அரசியலமைப்பை எழுதியவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. வேறு எந்த நாட்டின் பிரஜையாகவும் இல்லாமல் இங்கே நிரந்தரமாகவும் சட்டப்படியும் வசிப்பவர்களுக்கு 14ஆம் உறுப்புரையின் சுதந்திரங்கள் பத்து ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்று 14(2)-இல் எழுதி வைத்தார்கள். நடமாடும் உரிமைக்கும் ஊர் திரும்பும் உரிமைக்கும் காலாவதித் திகதி போட்ட அரசியலமைப்பு வேறு எங்காவது இருக்கிறதா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. அந்தப் பத்து ஆண்டும் முடிந்த 1988-இல் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் ஒரு சட்டம் வந்தது.

மாமாவுக்கு உதவக்கூடியவை அதற்குப் பிந்திய இரண்டு சட்டங்கள். 2003-இன் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. ஆனால் இங்கே வசிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. யுத்தத்தில் தப்பி இந்தியா போய் முகாமில் கிடந்தவர்கள் அதில் அடிபட்டுப் போனார்கள். அந்தக் குறையைத் தீர்க்க 2009-இல் 1988 சட்டத்துக்கும் 2003 சட்டத்துக்கும் திருத்தம் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் மலையக வம்சாவளியினர் பலருக்கு இந்தத் திருத்தம் இருப்பதே தெரியாது. மாமாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அம்மாச்சியோ தாத்தாவோ சிறிமா சாஸ்திரி ஒப்பந்தக் காலத்தில் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டார்களா? அப்படி இந்தியக் கடவுச்சீட்டு வாங்கி, 1984-இல் தலைமன்னார் கப்பல் நின்றுபோனதால் போகாமல் தங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 2003 சட்டம் அவர்களுக்கும் வழி வைத்தது, ஆனால் நடைமுறை கொஞ்சம் வேறு. குடும்பத்தில் அப்படி ஒரு கடவுச்சீட்டு கிடந்தால் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் வெளிவந்தால் மற்ற எல்லாக் கடதாசியிலும் சந்தேகம் விழும்.

அடுத்தது பிறப்புப் பத்திரம். தோட்டத்துப் பிறப்புகளைத் துரை மூலமாகப் பதிந்த காலம் அது. அந்தப் பதிவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி இங்கிலீசில் எழுதியிருப்பார். தகப்பன் பெயர் ஒரு பிள்ளைக்கு 'முத்தையா', அடுத்த பிள்ளைக்கு 'முத்துசாமி'. சிலவற்றில் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய கட்டமே வெறுமையாக இருக்கும், பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிட்டதால். பதுளைக் கச்சேரியில் தேடி அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுங்கள். உங்கள் அம்மாவின் பத்திரத்தையும் எடுத்து, இரண்டிலும் தாய் தகப்பன் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து, கிராம சேவகரின் உறுதிப்படுத்தலோடு வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் பழைய செக்ரோல் பதிவு, பாடசாலை இடாப்பு எது கிடைத்தாலும் விட வேண்டாம்.

இனி, அரசாங்கம் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு வருவோம். திரும்பி வரும் பிரஜையை வாசலிலேயே மறிக்கும் சட்டம் உலகத்தில் இல்லாமல் இல்லை. பிரித்தானியா 2015-இல் அப்படி ஒன்றை இயற்றியது. வெளிநாட்டில் பயங்கரவாதத்தில் ஈடுபட்டார் என்று சந்தேகிக்கப்படும் பிரஜையின் கடவுச்சீட்டை இரண்டு ஆண்டுகள் வரை செல்லாமல் ஆக்கி, உள்துறை அமைச்சர் கொடுக்கும் அனுமதிப் பத்திரத்தோடு மட்டும் வரச் செய்யலாம். அவுஸ்திரேலியாவும் 2019-இல் அதே மாதிரிச் சட்டம் போட்டது. அதற்கும் ஒரு படி மேலே போய், பிரஜாவுரிமையையே பறிக்கும் அதிகாரமும் பிரித்தானியாவில் உண்டு. ஷமீமா பேகம் லண்டனில் பிறந்து வளர்ந்தவர். பதினைந்து வயதில் சிரியாவுக்குப் போனார். 2019-இல் அவருடைய பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். தாய் தகப்பன் பங்களாதேஷைச் சேர்ந்தவர்கள், ஆகவே உனக்கு அங்கே ஒரு நாடு இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன நியாயம். பங்களாதேஷோ, அவர் எங்கள் பிரஜை இல்லை என்றது. 2024-இல் அங்கே மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவர் வழக்கைத் தள்ளிவிட்டது.

அந்தப் பெண் செய்தது சரியா பிழையா என்பது வேறு விஷயம். "உன் பாட்டன் நாடு அங்கே இருக்கிறது, இங்கே ஏன் நிற்கிறாய்" என்ற வாதத்தைக் கேட்டதும் எனக்கு நாற்பத்தெட்டாம் ஆண்டுதான் ஞாபகம் வந்தது. மலையகத்தாருக்கு அதைச் சொன்னபோது பயங்கரவாதம் என்ற காரணம்கூடத் தேவைப்படவில்லை. திருச்சியில் ஒரு பூட்டன் இருந்தால் போதுமாக இருந்தது. மாமாவைப் போன்றவர்களுக்காகச் சர்வதேசச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 12(4): தன் சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையை யாரிடமிருந்தும் எதேச்சையாகப் பறிக்கக் கூடாது. 'சொந்த நாடு' என்பது கடவுச்சீட்டு தந்த நாடு மட்டும் இல்லை, எதேச்சையாகப் பிரஜாவுரிமை மறுக்கப்பட்டவர் வாழ்ந்த நாடும் அதில் அடங்கலாம் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1999-இல் விளக்கம் கொடுத்தது. இலங்கை 1980 முதல் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. ஆனால் ஜெனீவாக் குழுவின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே நீதிமன்றப் படி ஏற முடியாது. 2006-இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. அவரும் பி.டி.ஏ.யில் தண்டிக்கப்பட்டவர்தான்.

நம் நாட்டில் பிரித்தானியா மாதிரி வாசலில் மறிக்கும் உத்தரவு கிடையாது. இங்கே பயங்கரவாதச் சட்டம் வேலை செய்வது நீங்கள் உள்ளே வந்த பிறகு. 1979-இன் 48ஆம் இலக்கச் சட்டம் அது. தற்காலிக ஏற்பாடுகள் என்று பெயரிலேயே எழுதி வைத்து, நாற்பது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டார்கள். பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். நீதவான் முன் நிறுத்த 72 மணித்தியாலம் எடுத்துக்கொள்ளலாம். பாதுகாப்பு அமைச்சர் கையெழுத்து வைத்தால் மூன்று மூன்று மாதமாகத் தடுத்து வைக்கலாம். முன்பு இது பதினெட்டு மாதம் வரை போனது, 2022 திருத்தம் பன்னிரண்டாகக் குறைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்தில் உள்ளவரிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்கும் என்ற ஏற்பாட்டை அந்தத் திருத்தமும் தொடவில்லை.

யாரும் அதிகம் பேசாத 11ஆம் பிரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சந்தேகத்துக்குரியவர் என்று அமைச்சர் நினைத்தால், தடுத்து வைக்காமலே, இன்ன இடத்தில்தான் குடியிருக்க வேண்டும், அதைவிட்டு வெளியே போகக் கூடாது, நாட்டுக்குள்ளும் வெளியிலும் பயணம் போகக் கூடாது, கூட்டத்தில் பேசக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடலாம். வவுனியாவில் இருக்கச் சொல்லி, பசறைக்குப் போகாதே என்று சொல்ல இந்தப் பிரிவு போதும். எழுபது வயதுக்காரர் மேல் இதைப் பிரயோகிக்கப் போகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையில் அதிகாரம் இருக்கிறது, அதைப் போட முதலில் ஒரு நீதிபதியைக் கேட்க வேண்டியதில்லை. பிரித்தானியச் சட்டத்தில்கூட அமைச்சர் பொதுவாக நீதிமன்றத்தின் அனுமதியை முதலில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது ஆயுதம் பட்டியல். ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1373ஆம் தீர்மானத்தைக் காட்டி, 2012 ஒழுங்குவிதிகளின் கீழ் பாதுகாப்பு அமைச்சு பெயர்களை வர்த்தமானியில் போடுகிறது. 2014 மார்ச்சில் 16 அமைப்புகளும் 424 தனிநபர்களும் அதில் இருந்தார்கள். பிறகு சிலரை எடுத்தார்கள், 2021-இல் நிறையப் பேரைச் சேர்த்தார்கள், 2022 ஓகஸ்டில் 6 அமைப்புகளையும் 316 பேரையும் நீக்கினார்கள். சட்டப்படி அந்தப் பட்டியல் செய்வது சொத்துகளையும் பணத்தையும் முடக்குவதுதான். நாட்டுக்கு வராதே என்று அது சொல்லவில்லை. ஆனால் பட்டியலில் பெயர் உள்ளவர், தாய் செத்தாலும் வரமாட்டார். தடை உத்தரவு எதுவும் இல்லாமலே ஆளை வெளியே நிறுத்தி வைக்கிற இந்த முறைதான் எனக்கு எல்லாவற்றிலும் மோசமாகத் தெரிகிறது. உத்தரவு இருந்தால் நீதிமன்றம் போகலாம். பயத்துக்கு எதிராக எங்கே மனுப் போடுவது?

மாமா 83-க்குப் பிறகு பிடிபட்டு வழக்கில்லாமல் விடப்பட்டவர். இப்போதைக்கு அவருக்கு எதிராக ஒரு குற்றச்சாட்டும் இல்லை. காந்தீயம் காணியில் இருந்தவர் என்பதும் குற்றமில்லை. அந்த இயக்கத்தின் டேவிட் ஐயாவும் டொக்டர் ராஜசுந்தரமும் 1983 ஏப்ரலில் கைதானார்கள். ராஜசுந்தரத்தை அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொன்றார்கள். டேவிட் மட்டக்களப்புச் சிறையிலிருந்து தப்பி இந்தியா போனார். அவரே 2015-இல் நாடு திரும்பினார், அந்த ஆண்டு அக்டோபரில் கிளிநொச்சியில் காலமானார். சிறை உடைத்துப் போனவர் திரும்பி வந்த நாட்டுக்கு உங்கள் மாமா வரக் கூடாதா?

வரும்போது அவருக்கு உண்மையில் இடறக்கூடியது குடிவரவுச் சட்டம். 2025 மே மாதம் பலாலி விமான நிலையத்தில் நடந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஐ.நா. அகதிகள் அமைப்பின் ஏற்பாட்டோடு தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய 75 வயது முதியவரை, முன்பு சட்டவிரோதமாக நாட்டைவிட்டுப் போனார் என்று கைது செய்தார்கள். கடவுச்சீட்டோடு துறைமுகத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு தப்ப அது சுற்றுலாவா? பலரும் சத்தம் போட்ட பிறகு அவரை வெளியே விட்டார்கள். சட்டம் தன்பாட்டில் வேலை செய்துவிட்டது, நடைமுறையை மாற்றுகிறோம் என்று அரசாங்கத் தரப்பில் சொன்னார்கள். மாமாவும் வள்ளத்தில் போனவர். ஆகவே பயணச்சீட்டு எடுக்கும் முன்பு, சென்னையில் உள்ள ஐ.நா. அகதிகள் அலுவலகத்திலும் இலங்கைத் துணைத் தூதரகத்திலும் தற்போதைய நிலையைக் கேட்கச் சொல்லுங்கள். இந்தியப் பக்கத்தில் வெளியேறும் அனுமதியும் கியூ பிரிவுப் பொலிசின் தடையில்லாமையும் வேண்டும், அது முகாம்காரர்களுக்கே தெரியும். இங்கே இறங்கும் நாளில் ஒரு சட்டத்தரணியின் கைபேசி இலக்கம் அவர் சட்டைப் பையில் கடதாசியில் எழுதி இருக்கட்டும். போனைப் பறித்து வைத்துக்கொண்டால் போனுக்குள் இருக்கிற இலக்கம் உதவாது.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்ல வேண்டும். இது வடக்கின் பிரச்சினை, நம் பக்கம் வராது என்பது சரியில்லை. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம் நம் மாவட்டத்தில்தான் இருந்தது. குற்றம் நிரூபிக்கப்படாத தமிழ் இளைஞர்களை, சிலர் சிறுவர்கள், வீட்டுக்கு அனுப்பும் முன் புனர்வாழ்வு என்று அங்கே வைத்திருந்தார்கள். 2000 அக்டோபர் 25 காலையில் ஊர்க் கூட்டம் முகாமுக்குள் புகுந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பொலிஸ் அங்கேயே நின்றது. 2003-இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை கிடைத்தது, 2005-இல் உயர் நீதிமன்றம் வரை போய் ஒருவரும் தண்டனையில் மிஞ்சவில்லை. அந்தச் சம்பவத்தை அடுத்து மலையகத்தில் கலவரமும் ஊரடங்கும் வந்தது வீட்டுக்காரருக்கு ஞாபகம் இருக்கும். வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருக்கும் அதிகாரத்தைப் புனர்வாழ்வு என்ற பெயரில் 2021-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். அந்த ஒழுங்குவிதிகளை உயர் நீதிமன்றம் 2023-இல் செல்லாது என்றது. ஆக, நீதிமன்றம் போய்ப் பயனில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள்.

மாமா வந்த பிறகு யாராவது விசாரிக்க லயத்துக்கு வந்தால், மரியாதையாக உட்காரவைத்து, எந்தப் பொலிஸ், எந்தப் பிரிவு, பெயர் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிராம சேவகரிடமும் தோட்டத் தலைவரிடமும் அன்றைக்கே சொல்லுங்கள். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை வாசித்து விளங்காமல் மாமாவோ நீங்களோ கையெழுத்து வைக்கக் கூடாது. தமிழில் எழுதக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அழைத்துக்கொண்டு போனால், கைது செய்ததற்கான பற்றுச்சீட்டைக் கேளுங்கள். பி.டி.ஏ. கைது என்றால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டியது அவர்கள் கடமை. அறிவிப்பார்கள் என்று காத்திருக்காமல் பதுளையில் உள்ள பிராந்திய அலுவலகத்துக்கு நீங்களே போங்கள். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. கொழும்புக்குப் போகப் பணம் இல்லாத குடும்பங்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்த ஒரு மாதத்தைத்தான்.

லண்டன் மகன் விஷயம் தனி. அவன் அங்கே கூட்டத்துக்குப் போனதற்காகத் தகப்பனைப் பிடிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. ஆனால் அவன் தகப்பனோடு கூட வருவதானால் முதலில் வர்த்தமானிப் பட்டியலில் தன் பெயர், கடவுச்சீட்டு இலக்கம் இருக்கிறதா என்று அங்கிருந்தே ஒரு சட்டத்தரணி மூலம் பார்க்கட்டும். பணம் அனுப்புவதும் வங்கி வழியாக, அவன் சொந்தப் பெயரிலேயே நடக்கட்டும். உண்டியலில் வேண்டாம். இல்லாத சந்தேகத்துக்குப் பணம் ஒரு காரணமாகிவிடக் கூடாது. முகாமில் பிறந்த மற்ற பிள்ளைகள் யாராவது மாமாவோடு வருவதாக இருந்தால், அவர்களுடைய பிறப்பைச் சென்னைத் துணைத் தூதரகத்தில் பதிந்து பிரஜாவுரிமை எடுக்க வேண்டும். பிரஜாவுரிமைச் சட்டத்தின் 2003 திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியிலும் அது கிடைக்கும். அந்த வேலை மாதக்கணக்கில் இழுக்கும், ஆகவே மாமாவின் கடதாசியோடு சேர்த்து இப்போதே தொடங்குங்கள்.